ஆவுடையம்மாள் ஓடிய ரோடுகள்

ஆவுடையம்மாளுக்கு ஐம்பத்தொன்பது வயது முடிந்த ஆடி மாதத்தில், அவள் தினமும் காலையில் ஓடுகிற குளத்துக்கரை ரோடு குறைய ஆரம்பித்தது. முதலில் கண்டுபிடித்தவர் பால் வண்டி இஸ்மாயில். கோம்பைக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து கால்வாய்ப் பாலம் வரைக்கும் ஐந்து கிலோமீட்டர் என்று இருபது வருஷமாகக் காட்டிக்கொண்டிருந்த அவர் வண்டியின் மீட்டர், ஒரு திங்கட்கிழமை நாலே முக்கால் காட்டியது, அடுத்த திங்கட்கிழமை நாலரை காட்டியது. அவர் மீட்டரைத் தட்டிப் பார்த்தார், மெக்கானிக்கிடம் காட்டினார், மச்சானுடைய ஆட்டோவில் ஒரு தடவை போய்ப் பார்த்தார், கடைசியில் டீக்கடைக்கு வந்து, "மீட்டரு சரியாத்தான் இருக்கு, ரோடுதான் கொறையுது" என்று சொல்லிவிட்டு ஒரு டீ குடித்தார்.

நெடுஞ்சாலைத் துறையிலிருந்து அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். கிலோமீட்டர் கல்லைப் பிடுங்கிப் புதிய இடத்தில் நட்டார்கள், மறு மாதம் வந்து அதையும் பிடுங்கி இன்னும் பக்கத்தில் நட்டார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் வயலில் ஒரு சென்ட் குறையவில்லை, தென்னைகள் எண்ணிக்கையில் அப்படியே இருந்தன, மதகுகள் ஏழும் ஏழாகவே இருந்தன, நடுவே போகிற ரோடு மட்டும் தண்ணீரில் நனைத்த புதுச் சேலை மாதிரி நீளம் குறைந்துகொண்டே வந்தது. எப்படி என்று கேட்டவர்களிடம் இன்ஜினியர், "அளவு அப்படித்தான் வருது" என்றார். அளவே அப்படி வந்தால் யார் என்ன செய்ய முடியும் என்று ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

ஆவுடையம்மாள் முப்பத்துமூன்று வருஷம் டெலிபோன் எக்சேஞ்சில் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். யார் யாருக்கோ லைன் கொடுத்து, மூன்று நிமிஷம் ஆனதும் குறுக்கே புகுந்து நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லி, நடக்க மறந்துபோன கால்களோடும் சுகரோடும் வேலையை விட்டு வந்தாள். புருஷன் இறந்துவிட்டார், மகள் ஓசூரில் இருந்தாள். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, அங்கே விளையாட்டு டீச்சராக இருந்த ஜெயசெல்வி கூப்பிட்டு, "நடந்தது போதும்க்கா, ஓடிப் பாருங்க" என்றாள். அப்போது ஆவுடைக்கு ஐம்பத்திரண்டு வயது. முதல் நாள் ஒரு கரண்ட் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரைக்கும் ஓட முடியவில்லை. மூன்றாம் மாதம் குளத்தைத் தாண்டினாள். இந்த வயசில் சுடிதார் போட்டுக்கொண்டு எங்கே ஓடுகிறாள் என்று கேட்டவர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்த பிறகும் அவள் ஓடிக்கொண்டிருந்தாள், இரண்டடி முன்னால் ஜெயசெல்வி கழுத்தில் ஸ்டாப்வாட்ச்சைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓடினாள்.

இரண்டு வயது இளையவளை அவள் டீச்சர் என்றுதான் கூப்பிட்டாள், ஆனால் நீ, வா, போ என்றுதான் பேசினாள். ஜெயசெல்வி அவளை அக்கா என்றாள், முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள், மூச்சை எங்கே விட வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள்.

வருஷா வருஷம் தை மாதம் மாவட்டத் தலைநகரில் பத்து கிலோமீட்டர் ஓட்டம் நடக்கும், ஊரில் எல்லாரும் மாரத்தான் என்பார்கள். ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவில் ஆவுடையைத் தவிர ஆள் கிடையாது, அதனால் ஒவ்வொரு வருஷமும் முதல் பரிசாக ஒரு எவர்சில்வர் குடத்தை வாங்கி வந்து பரணில் ஏற்றுவாள். குடம் இல்லை அவள் கேட்டது. பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் ஒரே ஒரு தடவை ஓடிவிட வேண்டும். அறுபத்தாறு நிமிஷத்தில் ஆரம்பித்து, அறுபத்துநாலாகி, அறுபத்திரண்டரையில் வந்து நின்றிருந்தது.

அப்போதுதான் ரோடு குறைய ஆரம்பித்தது. ஆவணியில் காய்ச்சல் வந்து அவள் பத்து நாள் படுத்தபோது ரோடு குறையாமல் நின்றது, அந்தப் பத்து நாளும் ஜெயசெல்வி தனியாக ஓடியும் நின்றது, அவள் எழுந்து ஓடிய மறுநாள் விடியும்போது மறுபடியும் குறைந்தது. அதிலிருந்து ஊருக்குப் புரிந்துவிட்டது. அவள் நடந்தால் ஒன்றும் ஆகாது. மெதுவாக ஓடினால் சில அடி குறையும். உயிரைக் கொடுத்து ஓடினால் கிலோமீட்டர் கணக்கில் குறையும். எதுவானாலும் ஓடின அன்றைக்கு இல்லை, மறுநாள்தான். விஷயம் தெரிந்த அன்றைக்கு ஜெயசெல்வி வெகுநேரம் சிரித்தாள், சிரித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் தன் காலையே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தலையூத்து கிராமத்துக்காரர்கள் வேன் பிடித்து வந்து, ஆஸ்பத்திரி பதினாலு கிலோமீட்டரில் இருக்கிறது, பாம்பு கடித்தவனையும் வலி எடுத்தவளையும் கொண்டுவருவதற்குள் பாதி வழியில் எல்லாம் முடிந்துபோகிறது என்று சொன்னார்கள். ஆவுடை பன்னிரண்டு நாள் ஓடி அதை ஐந்தாக்கினாள். ஆனியில் வலி எடுத்த ஒரு பெண் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிள்ளை பெற்று அதற்கு ஆவுடை என்றே பெயர் வைத்தாள். பெண் பிள்ளைகளின் பள்ளிக்கூட ரோட்டை ஓடினாள், எலுமிச்சை மார்க்கெட் ரோட்டை ஓடினாள். வேண்டாம் என்று வந்தவர்களும் உண்டு. பாதி வழியில் டீக்கடை வைத்திருந்தவர், வண்டிகள் நிற்காமல் போய்விடுகின்றன என்று வந்து வருத்தப்பட்டார். கல்யாணம் நிச்சயமாகாத ஒரு பையனும் பெண்ணும், கம்ப்யூட்டர் சென்டருக்கு நடந்து போகிற ரோட்டை மட்டும் விட்டுவிடும்படி தனித்தனியே வந்து கேட்டார்கள். சுடுகாட்டு ரோட்டைக் குறைக்கலாமா என்று பேச்சு வந்தபோது பெரியவர்கள் கூடி, செத்தவர்களைக் கொஞ்ச தூரமாவது சுமந்து போக வேண்டும் என்று முடிவு செய்தார்கள். இப்படியே ஊர் அந்த அதிசயத்தைக் குழாயடி முறை மாதிரி பங்கு பிரித்துக்கொண்டது.

ஆவுடைக்கு ஒரே ஒரு கஷ்டம்தான். அவள் ஓடிப் பழகுகிற எந்த ரோடும் பத்து கிலோமீட்டராக நிற்கவில்லை. ஸ்டாப்வாட்ச் ஐம்பத்தாறு காட்டும், ரோடு ஒன்பதாகியிருக்கும். "இது கணக்குல வராது டீச்சர்" என்பாள். "முன்ன பின்ன ஓடாத ரோடு ஒண்ணு வேணும். ஒரே ஒரு தடவ, நெசமான பத்து."

"கெடைக்கும்க்கா. நான் பாக்கேன்ல" என்பாள் ஜெயசெல்வி.

அந்த நாட்களில்தான் ராசையா முதலாளி அவள் வீட்டுக்கு வந்தார். மேற்கே மலை அடிவாரத்தில் அவருக்கு ஒரு கல்குவாரி இருந்தது. சுற்றிச் சுற்றிப் போகிற ரோட்டில் லாரி நாளைக்கு இரண்டு நடைக்கு மேல் அடிக்க முடியாமல் அது பாதி நாள் மூடியே கிடந்தது. அவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தை மேஜையில் வைத்து, அந்த ரோட்டையும் ஒரு நாலு நாள் ஓடிவிட்டால் ஊருக்கே வேலை கிடைக்கும் என்றார். ஆவுடை யோசிக்க நேரம் கேட்டாள். மறுநாள் மலையடியில் இருக்கும் ஊற்றடிக் காலனியிலிருந்து பேச்சி என்கிற பெண் எலுமிச்சைத் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு வந்து வாசலில் நின்றாள்.

"நாளைக்கு ரெண்டு வெடிக்கே வீட்டுச் செவரு விரியுதும்மா," என்றாள். "லாரி கூடினா வெடி கூடும். எங்களுக்கு அந்த ஊத்துத் தண்ணி ஒண்ணுதான். பாறைய ஒடச்சா தண்ணி வேற பக்கம் போயிரும்."

ஆவுடை வாழைப்பழத்தைத் திருப்பி அனுப்பினாள். ஓட மாட்டேன் என்று முதலாளியிடம் நேரிலேயே சொன்னாள். அவர் கோபப்படவில்லை, கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கார்த்திகையில் ஜெயசெல்வி மூச்சு வாங்க வந்து, இந்தத் தையில் மாரத்தான் நம் ஊரில் நடக்கப் போகிறது, கமிட்டிக்குத் தானே செயலாளர் என்று சொன்னாள். ரோடு குறைகிற ஊர் என்று பெயர் பரவி, வெளியூர்க்காரர்கள் இங்கேயே ஓட ஆசைப்படுகிறார்களாம். "உங்களுக்குன்னே ஒரு ரோடு பாத்து வச்சிருக்கேன். புதுசா தார் போடுதாங்க. ஒரு ஆளு கால் படாத ரோடு. மூணு தடவ நானே சக்கரம் உருட்டி அளந்துட்டேன், சுத்தமா பத்து."

"எங்க போவுது அது?"

"ஐ.டி.ஐ. கட்டப்போற எடத்துக்கு," என்றாள் ஜெயசெல்வி. "ஓட்டத்தன்னைக்குப் பாத்தாப் போதும். முன்கூட்டியே போயி ஆசையில நாலு எட்டு ஓடிட்டீங்கன்னா கணக்கு கெட்டுரும்."

அதுவும் சரிதான் என்று ஆவுடை அந்தப் பக்கமே போகவில்லை. இரண்டு மாதம் ஊர்க்காரர்கள் கேட்ட ரோடுகளில் பழகினாள், ராத்திரிச் சோற்றை விட்டாள், ஜெயசெல்வி கையால் ஊறவைத்த பயறைத் தின்றாள். மகள் போனில், "அறுபத்தோரு வயசுல எதுக்கும்மா இந்தப் பிடிவாதம்" என்று கேட்டதற்கு, "மூணு மூணு நிமிஷமா அடுத்தவங்க நேரத்தையே பாத்துட்டேன். எனக்குன்னு ஒரு மணி நேரம் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பனி இறங்கி எலுமிச்சை மார்க்கெட்டின் தகரக் கூரையே தெரியாத காலையில் ஓட்டம் தொடங்கியது. புது ரோட்டின் இரண்டு பக்கமும் ஊரே நின்றது. பனிக்குள் பாதிப் பாதியாகத் தெரிந்த முகங்களை அவள் ஒவ்வொன்றாகத் தாண்டினாள், இஸ்மாயில் கை தட்டினார், தலையூத்துக்காரி ஒன்றரை வயது ஆவுடையைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள், டீக்கடைக்காரர் விசில் அடித்தார். இவ்வளவு பேர் தனக்காக வருவார்கள் என்று அவள் நினைத்ததில்லை. ஏழாவது கிலோமீட்டரில் பேச்சியும் காலனிப் பெண்களும் ஒற்றையடிப் பாதை வழியாக இறங்கி வந்து சொம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றார்கள். இந்தப் பெண்கள் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார்கள் பார் என்று நினைத்தபடியே வாங்கிக் குடித்தாள். அவர்கள் நடந்து வந்தது கூப்பிடு தூரம்தான் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. எட்டாவதில் நெஞ்சு எரிந்தது, ஒன்பதாவதில் கால் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை, கடைசி அரைக் கிலோமீட்டரை மூச்சை விட வேண்டிய இடத்தில் விட்டு, பிடிக்க வேண்டிய இடத்தில் பிடித்து ஓடி முடித்து, பந்தலில் ஜெயசெல்வியின் தோளில் விழுந்தாள்.

ஐம்பத்தொன்பது நிமிஷம், நாற்பத்தோரு வினாடி.

மாலை போட்டார்கள், நாதஸ்வரம் வாசித்தார்கள், திறந்த ஜீப்பில் ஊரைச் சுற்றிக் கூட்டிவந்தார்கள். ஜெயசெல்வி கண் கலங்க ஸ்டாப்வாட்ச்சை அவள் கழுத்திலேயே மாட்டிவிட்டாள். ஆவுடை அன்றைக்கு அதைக் கழற்றாமலே தூங்கினாள்.

மறுநாள் காலையில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அவள் எழுந்தாள். அரை மணி கழித்து மறுபடி அதிர்ந்தது. வாசலுக்கு வந்தபோது மார்க்கெட் பக்கமிருந்து கல் ஏற்றிய டாரஸ் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு புது ரோட்டில் நடந்தாள். நேற்று ஒரு மணி நேரம் உயிரைக் கொடுத்து ஓடிய ரோடு முக்கால் மணி நேர நடையில் முடிந்துபோனது. பத்து கிலோமீட்டர் நாலாகியிருந்தது. பந்தல் பிரித்த குழிகளுக்குப் பின்னால், பனியும் துணித் தட்டியும் சேர்ந்து நேற்று மறைத்திருந்த இரும்புக் கேட் திறந்து கிடந்தது. மலையை முதுகுப் பக்கமாகச் சுற்றி வந்து அதே குவாரிக்குத்தான் அந்த ரோடு போய்ச் சேர்ந்தது.

நேராக ஜெயசெல்வி வீட்டுக்குப் போனாள். ஜெயசெல்வி கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த ரோடு எங்க போவுதுன்னு உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக வந்த அந்த 'உங்களுக்கு', கேள்விக்கு முன்னால் ஜெயசெல்வியிடம் போய்ச் சேர்ந்தது. அவள் கையிலிருந்த துணியை வாளியிலேயே போட்டாள்.

"தெரியும்க்கா."

"எப்ப இருந்து?"

"ரோடு போடுததுக்கு முன்னால இருந்து."

"மொதலாளி என்ன தந்தாரு?"

"ஒண்ணும் தரல. கேட்டாரு, சரின்னேன்."

"ஒண்ணும் தராமலா சரின்னீங்க?"

ஜெயசெல்வி ஈரக் கையை உதறிக்கொண்டாள். பிறகு பேசியபோது குரல் சண்டைக்காரியின் குரலாக இல்லை, படிக்கட்டு ஏறி வந்தவளின் குரல் போல இருந்தது. "உங்களுக்கு ஓடக் கத்துக் குடுத்தது நான். பதிமூணு வயசுல இருந்து ஓடுதேன். ஒம்பது வருசமா உங்களுக்கு ரெண்டடி முன்னால அதே ரோட்டுல ஓடியிருக்கேன். என் காலுக்கு ஒரு சாண் கொறையலக்கா. ஒரு சாண். காய்ச்சல்ல நீங்க படுத்திருந்தீங்கல்ல, அந்தப் பத்து நாளும் தெனமும் போயிக் கல்லுகிட்ட நின்னு பாத்தேன். தலையூத்துல பிள்ளைக்கு உங்க பேரு வச்சாங்க. என்னய எல்லாரும் ஆவுடையக்கா கூட ஓடுத டீச்சருன்னாங்க. மொதலாளி வந்து, நீங்க மனசு வச்சாத்தான் ரோடு கொறையும்னு எங்கிட்டச் சொன்னாரு. அந்தச் சொல்லு ஒண்ணுதான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆனா அளவுல நான் பொய் சொல்லல. சுத்தமான பத்து. அந்த அம்பத்தொம்பது நாப்பத்தொண்ணு நெசம்."

"பொய்யா இருந்திருந்தாத் தேவலையே," என்றாள் ஆவுடை. ஸ்டாப்வாட்ச்சைக் கழற்றித் துணி வாளியின் விளிம்பில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் இஸ்மாயில் பால் கேன்களை இறக்கிக்கொண்டிருந்தார், அவளைப் பார்த்ததும் கேனைப் பார்த்தார். அவள் நின்றாள்.

"உங்களுக்குமா தெரியும் அண்ணாச்சி?"

"எல்லாருக்கும் தெரியும்மா," என்றார் அவர், தரையைப் பார்த்தபடியே. "ஊருக்கு வேலை வரும்னாங்க. தலையூத்து ரோட்டுக்குப் புதுத் தார் போட்டுத் தாரேன்னாரு மொதலாளி. உங்ககிட்டச் சொன்னா ஓட மாட்டீங்க. சொல்லலைன்னா, உங்களுக்கும் ஆசை நிறைவேறும், ஊருக்கும் ஆவும்னு..."

அவள் வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். பனிக்குள் தெரிந்த முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன, கை தட்டிய கைகள், விசில், தூக்கிப் பிடித்த பிள்ளை. அவள் களைத்து நின்றுவிடுவாளோ என்று அவர்கள் பயந்து பயந்து தட்டியிருக்கிறார்கள். ஊரில் தெரியாமல், ஐ.டி.ஐ. ரோடு என்றே நம்பி நின்றவர்கள் ஏழாவது கிலோமீட்டரில் தண்ணீர் கொடுத்தவர்கள் மட்டும்தான். அவள் மூன்று நாள் கதவைத் திறக்கவில்லை. நாலாம் நாள் ஊற்றடிக் காலனிக்குப் போய்ப் பேச்சியின் வாசலில் நின்று, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

"தெரியாமத்தான் ஓடினேன் பேச்சி."

"தெரியாம ஓடினாலும் ரோடு கொறஞ்சுதானம்மா போச்சு," என்றாள் பேச்சி. திட்டவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. அவள் பின்னால் சுவரில் ஒரு விரல் நுழைகிற அளவுக்கு விரிசல் ஓடியது. "திங்கக்கிழமையானா கலெக்டர் ஆபீசுக்கு மனு கொண்டுக்கிட்டுப் போறோம். ரெண்டு பஸ் மாறணும். போய்ச் சேரதுக்குள்ள மனு வாங்கி முடிச்சிருதாங்க. ஒரு நாள் வேலையும் போயிருது."

"எவ்வளவு தூரம்?"

"நாப்பத்தோரு கிலோமீட்டருங்காங்க."

ஆவுடை மறுநாள் காலனியிலிருந்து ஓட ஆரம்பித்தாள். ஒரு நாளைக்கு எட்டு, ஒரு நாளைக்கு பத்து, விட்ட இடத்துக்கு மறுநாள் பஸ்ஸில் போய் இறங்கி அங்கிருந்து மேலே. மாசி வெயிலிலும் பங்குனி வெயிலிலும் ஓடினாள், நகம் ஒன்று கறுத்து விழுந்தது, முழங்காலுக்குத் தானே எண்ணெய் தேய்த்துக்கொண்டாள். நேரம் பார்க்கவில்லை. முதல் வாரம் வழியில் ஒரு புளியமரத்தடியில் ஜெயசெல்வி எலுமிச்சைத் தண்ணீரோடு நின்றாள். ஆவுடை அவளைக் கரண்ட் கம்பத்தைத் தாண்டுவது போலத் தாண்டிப் போனாள். அடுத்த நாளும் நின்றாள், அதற்கடுத்த நாளும் நின்றாள், பிறகு வரவில்லை.

சித்திரை பிறந்தபோது காலனிக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் நடுவில் மூன்று கிலோமீட்டர் இருந்தது. பெண்கள் கஞ்சியைக் குடித்துவிட்டு நடந்து போய் முதல் ஆளாக வரிசையில் நின்றார்கள், திங்கள் மட்டும் இல்லை, எல்லா நாளும் போனார்கள். ரோடு பக்கமானதும் குவாரியின் வெடிச்சத்தமும் அந்த ரோடு வழியாகவே ஆபீசுக்கு வர ஆரம்பித்தது. மேஜைகளில் வெள்ளைத் தூசி படிந்தது. குமாஸ்தாக்கள் காலையில் துடைத்ததை மத்தியானம் மறுபடி துடைத்தார்கள், ஒரு நாள் கலெக்டர் அறை ஜன்னலில் குறுக்கே ஒரு விரிசல் விழுந்தது. அந்த வாரமே மூன்று ஜீப்பில் ஆட்கள் வந்து குவாரியை அளந்து, லாரிகளை நிறுத்தி, கேட்டில் சீல் வைத்துவிட்டுப் போனார்கள். ராசையா முதலாளி கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். ஊற்றில் பாதித் தண்ணீர்தான் வருகிறது, மீதி திரும்பி வருமா என்று யாருக்கும் தெரியாது.

கோம்பைக்குறிச்சியில் ஆவுடையிடம் யாரும் இப்போது ரோடு கேட்டு வருவதில்லை. எதிரே வந்தால் கும்பிடுகிறார்கள், அவளும் கும்பிடுகிறாள். அவள் தினமும் ஓடுகிறாள், ஆனால் ஊருக்கு வெளியே போய், யாருக்கும் எங்கேயும் போக உதவாத ஒரு வண்டிப் பாதையில். ஜெயசெல்வியின் வீடு அவள் வீட்டிலிருந்து எழுநூறு அடி. ரேஷன் கடைக்கு அந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டும். மழை பிடித்துக்கொண்டு எல்லாரும் தலையில் பையைப் போட்டுக்கொண்டு ஓடுகிற நாளிலும், அவள் அந்தத் தெருவில் மட்டும் முழுக்க நனைந்தபடி ஒவ்வொரு எட்டாக நடந்து போகிறாள், அந்த எழுநூறு அடியில் ஒரு அடிகூடக் குறைந்துவிடாதபடி.